அந்த வார்த்தையைச் சொன்னவன்

எவனோ ஒருத்தன் என் வீட்டுக்காரி மனசில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறானுங்க. ஒரே ஒரு வார்த்தை. அதை உள்ளே வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னவன் எங்கேயோ மூணு வேளையும் தின்றுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி நடமாடிக்கொண்டு இருப்பான். இருக்கட்டும். என் கையில் சிக்காமலா போய்விடுவான்?

உட்காருங்க, உட்காருங்க. அந்தத் துண்டு இடம் பிடிக்கப் போட்டது இல்லை, எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டம்மாவும் இந்த டாக்டரிடம்தானா? ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார்களா? எத்தனையாவது டோக்கன்? பதினெட்டா! அப்படியானால் கீழே போய் டீ குடித்துவிட்டு, பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு வரலாம். இப்போதுதான் ஒன்பது உள்ளே போயிருக்கிறது. ஒன்பது என் வீட்டுக்காரி.

இந்த டாக்டர் மேல் எனக்கு விழுந்த முதல் சந்தேகமே அதுதான். வெளியே கூட்டம் இப்படி நெரிகிறது. உள்ளே ஒரே ஆளிடம் அரை மணி, முக்கால் மணி என்று பேசிக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்? சந்தையில் ஒரு வியாபாரி ஒரே மாட்டின் பக்கத்தில் அவ்வளவு நேரம் நின்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஏன் உள்ளே போகவில்லை என்றுதானே பார்க்கிறீங்க? டாக்டர் விடவில்லை என்றால் சண்டை போட்டுப் போயிருப்பேன். என் வீட்டுக்காரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மகள் கூட இருக்கிறாள். கட்டின புருஷன் பெஞ்சில்.

உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே. காங்கயம், தாராபுரம் பக்கம் வந்து போவீங்களா? இல்லையா? சரி, சரி. கேட்டு வைத்தேன். இந்தப் பத்து நாளாக எந்த ஆம்பளை முகத்தைப் பார்த்தாலும் இவனாக இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் பெயர் நாட்ராயன். மாட்டுத் தரகு. மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்தவன் மாட்டைச் சந்தைக்கு நடத்திப் போன கை இது. காலில் செருப்பு இல்லாமல் முப்பது கிலோமீட்டர். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏமாந்தேன், அடி வாங்கினேன், கற்றுக்கொண்டேன். இன்றைக்குக் குண்டடம் சந்தையில் நான் தோளில் இருந்து துண்டை எடுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

துண்டு வியாபாரம் பார்த்திருக்கிறீங்களா? ரெண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோம். வாய் மாட்டைத் திட்டிக்கொண்டே இருக்கும். சோப்ளாங்கி மாடு, நாளைக்குச் சாகிற மாடு, குப்பை என்று என்ன வேண்டுமானாலும் சொல்லும். விரல் அதுபாட்டுக்கு விலையை ஏற்றிக்கொண்டே போகும். வாய்க்கும் விரலுக்கும் சம்பந்தமே இருக்காது. அது தொழில். வாயில் வந்ததை யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. மாடும் வைத்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. அடி தள்ளுவது. நாலைந்து ஈத்து ஈன்ற மாட்டுக்கு உள்ளே இருக்க வேண்டியது பின்பக்கமாக வெளியே வரும். மாடு நிற்கும்போது தெரியாதுங்க. படுத்தால்தான் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் விற்க வருகிறவன் மாட்டைப் படுக்கவே விடமாட்டான். பின்னங்கால் மேட்டில் நிற்கிற மாதிரி கட்டி வைத்திருப்பான். நான் சந்தைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது மாட்டை இல்லை, மாடு நிற்கிற தரையை. தரை சரிந்திருந்தால் நடையைக் கட்டிவிடுவேன்.

இவ்வளவு தெரிந்த என்னையே ஒருத்தன் ஒரு தடவை ஏமாற்றிவிட்டான். என் மகள் சுகந்தி பத்தாவது பரீட்சை எழுதின வருஷம். மழைத் தூறலில் அவசரப்பட்டு ஒரு கறவையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் கட்டினோம். படுத்தது. வந்துவிட்டது வெளியே, செக்கச்செவேல் என்று.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! தெருவே கூடிவிட்டது. "அடி தள்ளின மாட்டை எவன்டா வெச்சுக் கட்டுவான்? தின்கிற தீவனம் தண்டம்! இனிமே இது அறுப்புக்குத்தான் ஆகும், வேறே எந்த மசுருக்கும் ஆகாது!" என்று கத்தினேன். மயிலாத்தாள்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மயிலாத்தாள் என்றால் என் வீட்டுக்காரி.

"ஏனுங்க, வைத்தியம் பார்த்தாச் சரியாகாதுங்களா?" என்றாள்.

"ஏன், நீ மாட்டு டாக்டருக்குப் படிச்சிருக்கியா? அடி போச்சுன்னா எல்லாம் போச்சு. வெச்சுப் பூப்போட்டுக் கும்பிடவா?" என்றேன்.

அதற்கப்புறம் பேசவில்லை. ஆனால் சும்மா இருந்தாளா? நாலு நாள் அந்த மாட்டைச் சர்க்கரைத் தண்ணியில் கழுவினாள். கூடை கூடையாக மண் சுமந்து வந்து அது பின்னங்காலுக்கு மேடு போட்டாள். அவள் செய்ததில் அது கொஞ்சம் உள்வாங்கிக்கூட இருந்தது. நான் ஐந்தாம் நாள் அறுப்புக்குக் கேரளா போகிற லாரியில் ஏற்றிவிட்டேன். கயிற்றை அவள் கையில் இருந்து பிடுங்க வேண்டியதாகப் போயிற்று. ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பொம்பளைகளுக்கு வாயில்லாத ஜீவன் என்றால் மனசு இளகிவிடும். மாட்டுக்காகத்தான் என்று நினைத்தேன். வேறே எதற்கு?

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தச் சமாசாரத்தில் எனக்குக் கண் தெரியும். எந்த டாக்டரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதற்காகச் சொன்னேன்.

மயிலாத்தாள் அப்போதெல்லாம் சிரிக்கிறவள். சாதாரணச் சிரிப்பு இல்லை. அவள் சமையல்கட்டில் சிரித்தால் வண்டிப்பாதையில் போகிறவன் என்ன விசேஷம் என்று கேட்பான். நான் சந்தையில் எவனையாவது கவிழ்த்துவிட்டு வந்து அவனை மாதிரியே நடந்து காட்டுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள்.

அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அதே வருஷத்தில் இருந்து. நான் கேலி பேச ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். தும்மல் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். கல்யாணம் காட்சிக்கு வரமாட்டாள். பஸ் ஏறமாட்டாள். பழனிக்குப் போகலாம் என்றால் கால் வலி. அவள் சொந்தத் தம்பி மகளுக்குச் சீர்! வண்டி பிடித்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன், வரவில்லை என்றுவிட்டாள். என் சொந்தக்காரர்கள் எல்லாம், "நாட்ராயா, உன்ற வீட்டுக்காரிக்கு நாலு காசு சேர்ந்ததும் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்றார்கள். நானும் நம்பினேன். நம்பித் திட்டினேன். எத்தனையோ திட்டு. அவள் பாட்டுக்குச் சாணியை அள்ளுவாள், தீவனக் கட்டைத் தூக்குவாள், தண்ணி சுமப்பாள். வேலையில் மட்டும் ஒரு நாள் குறை வைத்ததில்லை. முன்னைவிட ரெண்டு மடங்கு செய்தாள். அதனால்தான் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன்.

விஷயம் வெளியே வந்தது போன சித்திரையில். சுகந்திக்குத் தலைப்பிரசவம், இதே கோயமுத்தூரில், இதே ஆஸ்பத்திரியில். பெண் குழந்தை. பிரசவம் ஆன மறுநாள் ஜெனிபர் என்று ஒரு பெண் வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்ததாம். பிள்ளை பெற்றவர்களுக்கு இடுப்புக்கு அடியில் இருக்கிற சதை தளர்ந்துபோகும், மூத்திரத்தை அடக்குகிற மாதிரி அதை இறுக்கிப் பிடித்துப் பிடித்து விட வேண்டும் என்று. "இருமினா, சிரிச்சா ஒழுகுதா? கீழ ஏதாவது இறங்கற மாதிரி இருக்கா?" என்று சுகந்தியைக் கேட்டிருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாள் மெதுவாகக் கேட்டாளாம்:

"அம்மிணி, அது பதினோரு வருஷமா இருந்தாலும் சரியாகுங்களா?"

"யாருக்கும்மா?" என்று சுகந்தி கேட்டிருக்கிறாள். மயிலாத்தாள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாளாம்.

சுகந்தி விடாமல் துருவிக் கேட்டு, எனக்குச் சேதி வந்ததும் நான் சும்மா இருப்பேனா? பக்கத்து டவுனில் தெரிந்த நர்சிங் ஹோமுக்கு நான் மட்டும் போனேன். அங்கே இருந்தவர் எல்லா வைத்தியமும் பார்க்கிறவர். "கர்ப்பப்பை இறங்கியிருக்கு, எடுத்துடலாம்" என்றார், அவ்வளவுதான். பாதி விலைக்குப் பேசி, வியாழக்கிழமை என்று தேதியும் வாங்கிவிட்டேன். பத்து நிமிஷத்தில் முடிந்த வியாபாரம். வீட்டுக்கு வந்து சொன்னால் சுகந்தி குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறாள்.

"அம்மாகிட்டக் கேட்டீங்களாப்பா?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

"இதுக்குன்னே தனியாப் படிச்ச டாக்டர் இருக்காங்கப்பா. அவங்ககிட்டக் காட்டாம யாரும் கத்தி வைக்கக் கூடாது."

இதுக்குன்னே ஒரு டாக்டரா! கண்ணுக்கு ஒருத்தர், பல்லுக்கு ஒருத்தர், சரி. எங்கள் ஊர் மாட்டு டாக்டர் கொம்பில் இருந்து குளம்பு வரைக்கும் ஒருத்தரே பார்க்கிறார். இடுப்புக்கு அடியில் நாலு விரல் இடத்துக்குத் தனியாக ஒரு படிப்பு என்றால், எவனோ புதுசாகக் கடை போட்டிருக்கிறான் என்றுதானே நினைக்கத் தோன்றும்?

இருந்தாலும் வந்தோம். டாக்டர் கஸ்தூரி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒல்லியான அம்மா, மெதுவான பேச்சு. மெதுவாகப் பேசுகிறவர்களிடம் நான் ரொம்ப உஷாராக இருப்பேன். மயிலாத்தாளிடம் கேட்ட கேள்வியைக் கேட்டால் உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எத்தனை பிரசவம், வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, மூத்திரம் ஒரேயடியாகப் போகிறதா, நின்று நின்று போகிறதா, வெளிக்குப் போகச் சிரமமா, என்ன எடை தூக்குவீங்க, எவ்வளவு நாளாக வீட்டை விட்டு வெளியே போகவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அப்புறம் திரைக்குள் கூட்டிப்போய்ப் படுக்கவைத்துப் பார்த்தார். அதோடு விட்டாரா? எழுந்து நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தாராம்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. மாட்டுக்குப் படுத்தால் வெளியே வரும். மனுஷிக்கு நின்றால் இறங்குமாம், படுத்தால் உள்ளே போய்விடுமாம். நேர் தலைகீழ். என் கண்ணுக்குத் தப்பினதற்குக் காரணம் அதுதானுங்க. இல்லை என்றால் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேனா? அவள் எந்த நேரமும் நின்றுகொண்டு வேலை செய்துகொண்டே இருந்தாள். நிற்கிறவளை யார் போய்ப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்?

வந்து உட்கார்ந்ததும் டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். "இங்க ஒரு தூளி மாதிரி சதை இருக்குங்கய்யா. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் தாங்குது. பிரசவத்துல கிழிஞ்சிருக்கு, சுமை தூக்கித் தூக்கித் தளர்ந்திருக்கு. தூளி தொய்ஞ்சிருக்கறப்ப உள்ள இருக்கற குழந்தையை எடுத்துட்டாத் தூளி சரியாகிடுமா? தூளியைத்தான் சரி பண்ணணும்."

சரி, ஆபரேஷனுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். விலை வரப்போகிறது என்று கை தன்னாலே துண்டை எடுத்து விரித்து மேஜை மேலே நீட்டிவிட்டது. பழக்கதோஷம். டாக்டர் என் கையைப் பார்த்தார். மேஜை டிராயரைத் திறந்து, வளையல் மாதிரி வழவழப்பாக ஒரு வளையத்தை எடுத்து அந்தத் துண்டு மேல் வைத்தார்.

"இப்போ ஆபரேஷன் வேண்டாம். உரசி உரசிப் புண்ணாகியிருக்கு, முதல்ல அது ஆறணும். இந்த வளையத்தை உள்ள பொருத்தினா இறங்காமத் தாங்கும். கூடவே ஜெனிபர் பயிற்சி சொல்லித் தருவாங்க. ஆறு வாரம் பார்க்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்க வந்தவன் வாங்கித்தான் ஆவேன் என்று நிற்கிறேன், இந்த அம்மா வேண்டாம் என்கிறது! வந்த வியாபாரத்தை வேண்டாம் என்கிற ஆளை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இதில் என்ன தந்திரம் என்று அந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒரு ரப்பர் வளையத்துக்கா அத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டுவிட்டேன்.

"எத்தனை சைஸ், யாருக்கு வைக்கலாம், யாருக்கு வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தாங்க படிப்பு" என்றார். கோபமே வரவில்லை. அதுவும் சந்தேகம்தான். அப்புறம் மயிலாத்தாள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்னம்மா வேணும்? நீங்க எதைச் செய்ய முடியாமத் தவிக்கறீங்க?" என்றார்.

"அவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாதுங்க. நான் சொல்றேன்" என்றேன்.

"சரிங்கய்யா. உங்களுக்கு எந்த இடத்துல இறங்கியிருக்கு?"

"எனக்கா? எனக்கு எதுக்குங்க இறங்குது!"

"அப்போ அவங்க சொல்லட்டுமே."

சிரித்துவிட்டாள். மயிலாத்தாள் சிரித்துவிட்டாள்! சேலையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலைக் காலோடு பின்னிக்கொண்டு, கண்ணில் தண்ணி வருகிற மாதிரி. பதினோரு வருஷம் கழித்து. அதுவும் என்னைப் பார்த்து. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இதோ, இந்தத் தூண் பக்கத்தில்தான் நின்றேன். நல்லாத்தான் இருந்தது அந்தச் சிரிப்பு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு அவள் டாக்டரிடம் என்ன வேண்டும் என்று சொன்னாளாம் தெரியுமா? "பயமில்லாம ஒரு தடவை பஸ்ஸுல போகணுங்க. பேத்தியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாய் விட்டுச் சிரிக்கணுங்க." அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள்.

வளையம் மூணு வாரம் தாங்கியது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது. தினமும் காலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அந்தப் பயிற்சியைச் செய்வாள். நான் போனால் நிறுத்திவிடுவாள். அப்புறம் ஒரு நாள் மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டு வண்டி வந்தது. இறக்கிப் போட்டுவிட்டு அவன் போய்விட்டான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவளாகப் போய்க் கட்டைத் தூக்கினாள். வளையம் விழுந்துவிட்டது. சுகந்தி என் மேல் பாய்கிறாள். நான் தூக்கச் சொல்லவே இல்லைங்க. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை. "மழை வருது, தட்டு நனையுது" என்று மட்டும்தான் சொன்னேன்.

அதைவிடப் பெரிய வளையமும் வைத்துப் பார்த்தார்கள். நிற்கவில்லை. மூத்திரம் முழுசாகப் போகாமல் தேங்குகிறது, இப்படியே விட்டால் கிட்னி வரைக்கும் போகும் என்றார் டாக்டர். இப்போதுதான் ஆபரேஷன் என்கிற பேச்சே வந்தது. தொய்ந்ததைத் தூக்கி, கிழிந்ததைத் தைத்து, உறுதியான இடத்தோடு சேர்த்துக் கட்டுவது. மூணு மாசம் ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. அதற்கப்புறமும் பெரிய சுமை கூடவே கூடாது. இவ்வளவு நாள் வேண்டாம் என்று சொன்னவர் சொல்வதால் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம்பிக்கை வந்து என்ன பிரயோஜனம்? மயிலாத்தாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். பத்து நாள் ஆயிற்று. வருகிற செவ்வாய்க்கிழமைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அவள் சரி என்று சொல்லாவிட்டால் அந்த இடம் வேறே ஆளுக்குப் போய்விடும். அப்புறம் ரெண்டு மாசம் கழித்துத்தான். ரெண்டு மாசத்துக்குக் கிட்னி காத்துக்கொண்டு இருக்குமா?

ஏன் மாட்டேன் என்கிறாள்? போன தடவை வந்தபோது டாக்டர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். அப்புறம் அவரே எழுந்து இந்தப் பெஞ்சுக்கு வந்தார். அத்தனை கூட்டமும் பார்க்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார்.

"ஐயா, எதுக்கு இத்தனை வருஷம் மறைச்சீங்கன்னு அவங்களைக் கேட்டேன். உறுப்பு இறங்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல, வீட்ல சொல்லலாம்னுதான் இருந்தாங்களாம். மகள் பத்தாவது எழுதின வருஷம். அப்போ ஒருத்தர் சொன்னாராம், இந்த மாதிரி ஆனா அறுப்புக்குத்தான் ஆகும், தின்கிற சோறு தண்டம்னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டாங்களாம், யாருக்கும் தெரியக் கூடாது, எல்லாரையும்விட ரெண்டு மடங்கு வேலை செய்யணும்னு. இப்போ மூணு மாசம் சும்மா உட்காருங்கன்னு நான் சொன்னா, அவங்க பயந்து நடுங்கறாங்க."

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "எவனுங்க அவன்? பேரைச் சொல்லுங்க" என்றேன்.

"பேர் சொல்ல மாட்டேங்கறாங்க."

"ஒரு பொம்பளையைப் பார்த்து அறுப்புக்குன்னு சொல்றவன் மனுஷனா? தோலை உரிக்க வேண்டாமா?"

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்களுக்கு யாருன்னு தோணுதுங்களா?" என்றார்.

"தோணியிருந்தா இந்நேரம் அவன் ஆஸ்பத்திரியில கிடப்பான்!"

"ஆஸ்பத்திரிக்கு வந்தாச் சரி" என்று எழுந்துகொண்டார். "தளர்ந்ததைத் தூக்கித் தைக்க எனக்குத் தெரியும். ஒருத்தர் போட்ட வார்த்தையை எடுக்க எனக்குத் தெரியாது. போட்டவர்தான் எடுக்கணும்."

அதில் இருந்து தேடுகிறேனுங்க. முதலில் என் அண்ணன் பொண்டாட்டி தெய்வாத்தாள் மேல் சந்தேகம். அவளுக்கு வாய் நீளம். வாசலில் நின்று கேட்டேன். "உங்க வாய்க்கு முன்னாடி எங்க வாயெல்லாம் எந்த மூலைக்குங்க?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அது என்னவோ உண்மைதான். அப்புறம் எங்கள் ஊர் நர்ஸ். பாவம், அந்தப் பெண்ணிடம் மயிலாத்தாள் ஒரு நாளும் காட்டினதே இல்லையாம். பால் ஊற்ற வருகிறவனைக் கேட்டேன். அந்தக் காலத்து லாரிக்காரனைக்கூடப் போன் போட்டுக் கேட்டேன். அவன் மாட்டைப் பற்றித்தான் ஞாபகமாகப் பேசுகிறான். "அந்தக்கா கயித்தை விடாமப் புடிச்சுட்டு அழுதுச்சே, அந்த மாடுதானுங்களே?" என்கிறான். நான் என்ன கேட்கிறேன், அவன் என்ன சொல்கிறான்!

கடைசியில் சுகந்தியைப் பிடித்தேன். நேற்று.

"உனக்குத் தெரியுமா கண்ணு, யாருன்னு?"

"தெரியும்ப்பா."

"சொல்லு."

"அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

"அவனைக் காப்பாத்தறதுல உங்க அம்மாவுக்கு என்ன அப்படி ஒரு அக்கறை? அவன் என்ன சாமியா? என்ன சொல்றா உங்கம்மா?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "தெரிஞ்சா அவரு தாங்க மாட்டாருன்னு சொல்றாங்கப்பா. வாய்தான் அப்படி, மனசு அப்படி இல்லைன்னு சொல்றாங்க."

கேட்டீங்களா? தாங்க மாட்டானாம்! இவள் பதினோரு வருஷம் தாங்கியிருக்கிறாள், புண்ணோடும் ரணத்தோடும் சுமை சுமந்திருக்கிறாள், அவன் ஒரு நாள் தாங்க மாட்டானாமா? தாங்காமல் சாகட்டுமே! "தாங்காமச் சாகட்டும்" என்று சுகந்தியிடமும் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்பு, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மயிலாத்தாள்? நான் அவளை விட்டுவிடுவேனா? எத்தனை ஆயிரம் மாட்டுக்கு விலை பேசியிருக்கிறேன், அவளுக்கு ஒரு நாள் விலை போட்டிருப்பேனா? கட்டிக்கொண்டு வரும்போது எனக்கு ஓலைக் குடிசை. இவள் வந்து கஞ்சி காய்ச்சின அடுப்பில்தான் நான் ஆளானேன். அவள் மூணு மாசம் இல்லை, முப்பது வருஷம் உட்கார்ந்து சாப்பிடட்டும். நான் சாணி அள்ளுகிறேன். இதை அவளிடம் சொன்னீங்களா என்று கேட்காதீங்க. இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? தெரியாதா அவளுக்கு?

என்னங்க, அப்படிப் பார்க்கிறீங்க? ஏதாவது தெரிந்தால் சொல்லுங்க. சொல்ல மாட்டேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்? சுகந்தியும் இப்படித்தான் பார்த்தாள். டாக்டரும் இப்படித்தான் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து எதையோ மூடி வைத்துக்கொண்டு துண்டுக்குள்ளே விரல் பிடிக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

இருங்க. கதவு திறக்கிறது.

ஏனுங்க சிஸ்டர், ஒன்பதாம் நம்பர்? மயிலாத்தாள்? கையெழுத்துப் போட்டுவிட்டாளா? இல்லையா? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? யாரைப் பார்க்கிறாள்? வாசலுக்கு வெளியே என்னைத் தவிர வேறே யார் இருக்கிறார்கள்?

போய்விட்டார் பாருங்க, பதில் சொல்லாமல்.

சரி. நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் சாட்சி. அந்த ஆள் எவனாக இருந்தாலும் இருக்கட்டும். அவனை நான் அடிக்கப் போவதில்லை. காலில் விழச் சொல்லப் போவதும் இல்லை. அவன் இங்கே வர வேண்டும். இன்றைக்கே வர வேண்டும், இந்தக் கதவைச் சாத்துவதற்குள். உள்ளே போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பேனா பிடித்திருக்கிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது தப்பு ஆத்தா, நீ மாடு இல்லை" என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தாங்குகிறானோ, தாங்கவில்லையோ, அதுவரைக்கும் அவனை இந்தப் பெஞ்சை விட்டு எழுந்து ஊருக்குப் போக நான் விடமாட்டேன்.